தேறாத சாம்பியன்கள்: பெல்ட், உடல், அதிகாரம்

1

2017இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிந்தர் மஹால் என்கிற மல்யுத்த வீரர், தலைப்பாகையும் தோளில் உலக சாம்பியன் பெல்ட்டுமாக நின்று பஞ்சாபியில் பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்க அரங்கம் ஊளையிட்டது. 'இவனெல்லாம் சாம்பியனா?' என்றேன் நானும். அண்ணன் மகன் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "சித்தப்பா, இதெல்லாம் முன்னாடியே எழுதி வெச்சு ஆடறதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் அவன் சரியில்லேன்னா எப்படி?"

"சும்மா பாருடா" என்று அடக்கிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்றால், ஜெயிப்பதும் ஒரு வேலை, தோற்பதும் ஒரு வேலை. அப்படியிருக்க மோசமான சாம்பியன் என்று ஒருவர் எப்படி இருக்க முடியும்? ஆனாலும் இருக்கிறார்கள். தொழில்முறை மல்யுத்த ரசிகர்களிடம் அப்படிப்பட்டவர்களின் பட்டியலே உண்டு. யாருடைய பட்டக்காலம் சப்பென்று போனது, யாருக்கு அது பொருந்தவே இல்லை என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். 1990களின் நடுவில் எங்கள் தெருவில் கேபிள் கனெக்ஷன் இருந்த வீட்டின் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். வீரர்களின் உயரம், எடை, ரேங்க் அச்சிட்ட சீட்டுகளை வைத்து 'ட்ரம்ப் கார்ட்' ஆடிய தலைமுறை எங்களுடையது. ஆகவே இது வெளியிலிருந்து எழுதும் கட்டுரையல்ல. அந்த 'இவனெல்லாம்' என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

2

மல்யுத்தம் என்றதும் நம் வட்டத்தில் ரொலான் பார்த்தைச் சொல்வார்கள். 1957இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலின் முதல் கட்டுரையே அதைப் பற்றியதுதான். இது விளையாட்டல்ல, காட்சி. இங்கே போலித்தனம் என்ற குற்றச்சாட்டுக்கே இடமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். குத்துச்சண்டையில் பார்வையாளருக்கு முடிவு முக்கியம். மல்யுத்தத்தில் ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுமையாக அர்த்தப்படுகிறது, அடுத்து என்ன நடக்கும் என்பதை அது சார்ந்திருப்பதில்லை என்கிறார்.

பார்த் சொன்னதை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். ஆனால் அவர் பேசியது ஒரு மாலையில் தொடங்கி அதே மாலையில் முடிந்துவிடுகிற ஆட்டத்தைப் பற்றி. வாரா வாரம் தொலைக்காட்சியில் தொடரும் அமெரிக்க மல்யுத்தத்தின் பொருளாதாரம் வேறு. அங்கே சாம்பியன் பட்டம் என்பது ஒரு கணமல்ல, ஒரு காலம். ஒருவர் பெல்ட்டை வைத்திருக்கும் இருபத்தெட்டு நாளோ முன்னூற்று ஐம்பது நாளோ ஒரு நெடுங்கதையாடலாக எழுதப்படுகிறது. அடுத்து என்ன என்பதுதான் அங்கே விற்பனைக்கு வைக்கப்படும் சரக்கு. குறி கண நேரத்தில் ஒளிர்ந்து முடிவதில்லை. அதற்குக் காலம் என்கிற தசையும் நரம்பும் தேவைப்படுகிறது. அந்தத் தசையை யார் கொடுப்பது, யார் மறுப்பது என்ற கேள்வி பார்த்தின் கட்டுரைக்கு வெளியே நிற்கிறது. ஏமாற்றம் தந்த பட்டக்காலங்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

3

முதலில் தொழிலின் உள்விஷயம் கொஞ்சம். கதையைத் தீர்மானிப்பதை 'புக்கிங்' என்கிறார்கள். எல்லாம் நிஜம் என்பது போலவே ரிங்குக்கு வெளியிலும் நடந்துகொள்ளும் தொழில் மரபுக்கு 'கேஃபேப்' என்று பெயர். பிறரைத் தூக்கி நிறுத்துவதற்காகவே தோற்றுக்கொடுக்கும் வேலை செய்கிறவர் 'ஜாபர்'. இதெல்லாம் இன்று ரகசியமில்லை. 1989இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியே நியூஜெர்சி மாநில செனட்டின் முன்னால் இது உண்மைப் போட்டியல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. கலை பற்றிய ஞானோதயம் ஒன்றுமில்லை. போட்டி என்றால் விளையாட்டு வாரியத்தின் கட்டுப்பாடு உண்டு, வரி உண்டு. கேளிக்கை என்று சொன்னால் அந்தத் தொல்லை விட்டது. உண்மை பேசினால் லாபம் என்று ஆனபோது உண்மை பேசினார்கள்.

ஆக, பெல்ட் வெல்லப்படுவதில்லை, வழங்கப்படுகிறது. சரி, பெல்ட்டோடு வேறு என்னவெல்லாம் வழங்கப்பட வேண்டும்? என் கணக்கில் நான்கு. ஒன்று, எதிராளி: ஜெயித்தால் மதிப்புக் கூடும்படியான ஓர் ஆள். இரண்டு, இடம்: நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம் சாம்பியனுடையதாக இருப்பது. கச்சேரியில் யார் முதலில், யார் கடைசியில் என்பதற்குள் இருக்கும் படிநிலை இங்கும் உண்டு. மூன்று, ஜெயிக்கும் விதம்: சுத்தமாக ஜெயிக்கிறாரா, யாராவது குறுக்கே புகுந்து காப்பாற்றுகிறார்களா. நான்கு, தோற்கும் விதம்: மரியாதையாக இறக்கிவிடுகிறார்களா, துடைத்தெறிகிறார்களா. பெல்ட்டைக் கொடுத்துவிட்டு இந்த நான்கில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ நிறுத்திவைக்க முடியும். அப்போது சாம்பியன் இருப்பார், பட்டக்காலம் இருக்காது. குறிப்பான் மட்டும் இடுப்பில் தொங்கும்.

சிலருக்கு இதைத் திட்டமிட்டே செய்வார்கள். 1978 பிப்ரவரியிலிருந்து சாம்பியனாக இருந்த பாப் பேக்லண்டிடமிருந்து பெல்ட் ஹல்க் ஹோகனுக்குப் போக வேண்டும். ஒரு நல்லவன் இன்னொரு நல்லவனை அடித்துப் பிடுங்கக்கூடாது. நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம்தான் அயர்ன் ஷேக். 1983 டிசம்பர் 26இல் வென்றார், 1984 ஜனவரி 23இல் ஹோகனிடம் தோற்றார். இருபத்தெட்டே நாள். ஈரானில் பிறந்த கோஸ்ரோ வசீரி, 1971இல் அமெரிக்க அமெச்சூர் பட்டம் வாங்கிய அசல் மல்யுத்த வீரர். ஆனால் தெஹ்ரான் தூதரகப் பணயக் கைதிகள் விவகாரம் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த அமெரிக்காவுக்கு அவருடைய திறமை தேவைப்படவில்லை, அவருடைய நாடு தேவைப்பட்டது. மற்றமையை ஒரு மாதம் அரியணையில் உட்கார வைத்து, பிறகு இழுத்துப் போடும் சடங்கு அது. வெள்ளையர்களும் பாலமாக ஆக்கப்பட்டதுண்டு. 1987 செப்டம்பரில் ரிக் ஃப்ளேரை வென்ற ரான் கார்வின், அறுபத்திரண்டு நாள் கழித்துப் பெரிய நிகழ்ச்சி ஒன்றில் அதே ஃப்ளேரிடம் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். பாலத்தின் மேல் நடந்து போனவர்களின் பெயர் நிற்கிறது. பாலத்தைப் பற்றி, 'அவர் சாம்பியனாகத் தேறவில்லை' என்று எழுதுகிறார்கள்.

4

இனி இரண்டு பட்டக்காலங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது டீசல், அதாவது கெவின் நாஷ். ஏழடி உயரம் என்று அறிவிக்கப்பட்ட வெள்ளை உடல். 1994 நவம்பர் 26இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எட்டே விநாடியில் பேக்லண்டை வீழ்த்திப் பட்டம் வென்றார். 358 நாள் வைத்திருந்தார். கம்பெனி பணரீதியாக மிக மோசமாக இருந்த காலங்களில் ஒன்று அது. அவரை ரசிகர்கள் விரும்பக் காரணமாக இருந்த முரட்டுத்தனத்தையே துடைத்துவிட்டு, சிரித்துக் கைகொடுக்கும் நல்ல பிள்ளையாக ஆக்கினார்கள். 1995 ரெஸில்மேனியாவில் கடைசி ஆட்டம்கூட அவருடையதில்லை. லாரன்ஸ் டெய்லர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆடிய ஆட்டத்துக்கு அந்த இடம் போயிற்று. ஆக, டீசலும் ஆபீஸால் கெடுக்கப்பட்டவர்தான். இதை மறைத்து வாதம் செய்ய வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது ரான் சிம்மன்ஸ். டபிள்யூ.சி.டபிள்யூ. கம்பெனியின் உலகப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பர். 1992 ஆகஸ்ட் 2, பால்டிமோர். பட்டத்துக்கு ஆட வேண்டியிருந்தவர் ஸ்டிங். அவருக்கு அடிபட்டுவிட்டதாகக் கதை. சரி, பதிலுக்கு யார்? குலுக்கல் சீட்டு எடுத்தார்கள், சிம்மன்ஸ் பெயர் வந்தது. இதுவும் எழுதப்பட்ட காட்சிதான் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கறுப்பர் முதன்முறையாக அந்தப் பட்டத்தைத் தொடுவதை எழுதும்போது, அவருக்குத் தகுதியால் வாய்ப்பு வந்தது என்றும் எழுதியிருக்கலாம். அதிர்ஷ்டத்தால் வந்தது என்று எழுதினார்கள். பிறகு நூற்றைம்பது நாள் சாம்பியன். அந்த அக்டோபரில் நடந்த பெரிய நிகழ்ச்சியில் அவர் பார்பேரியன் என்பவரோடு ஆடினார். கடைசி இடம் ஸ்டிங்குக்கும் ஜேக் ராபர்ட்ஸுக்கும். டிசம்பர் 30இல், அதே பால்டிமோரில், யாரிடமிருந்து வென்றாரோ அதே வேடரிடம் தோற்றார். அதன் பிறகு அவருக்கு உலகப் பட்டம் ஒருபோதும் வரவில்லை.

இரண்டுமே சோபிக்காத பட்டக்காலங்கள்தான். வேறுபாடு பிறகு வருகிறது. டீசலின் தோல்வி டீசலோடு முடிந்தது. 1996இல் எதிர்க் கம்பெனிக்குப் போய்ப் பெரிய நட்சத்திரமானார், 1998 டிசம்பரில் அங்கேயும் உலகப் பட்டம் வாங்கினார். ஏழடி வெள்ளையர்களுக்குச் சாம்பியன் ஆகும் தகுதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. சிம்மன்ஸோ 1996இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கு வந்தபோது நீலத் தலைக்கவசம் மாட்டிய ரோமானிய அடிமை வீரர் போலக் களமிறக்கப்பட்டார். பிறகு கறுப்பின எழுச்சி அமைப்புகளை நகலெடுத்த ஒரு வில்லன் கும்பலுக்குத் தலைவரானார். ஒருவருக்குத் தோற்கும் உரிமை இருக்கிறது. இன்னொருவர் தன்னை ஒத்த எல்லோருக்கும் சேர்த்துத் தோற்கிறார்.

5

இப்போது ஜிந்தர் மஹால்.

கனடாவின் கால்கரியில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினர். 2014இல் வேலையிலிருந்து அனுப்பப்பட்டு 2016இல் திரும்ப எடுக்கப்பட்டவர். திரும்பி வந்த பிறகும் பெரும்பாலும் தோற்றுக்கொடுக்கும் வேலைதான். 2017 ஏப்ரலில் திடீரென்று ஆறு பேர் ஆட்டமொன்றில் ஜெயித்து, மே 21இல் ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார். இந்தியச் சந்தையைப் பெரிதாக்க அந்தக் கம்பெனி அப்போது முனைந்துகொண்டிருந்தது என்பதை எல்லோரும் அறிவார்கள். அதாவது அவர் யாருக்காகச் சாம்பியன் ஆக்கப்பட்டார்? நமக்காக. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த நமக்காக.

ஆனால் எழுதப்பட்ட கதையில் அவர் நமக்கு எதிராகவே நிறுத்தப்பட்டார். 'நவீன மகாராஜா' என்று பெயர். தலைப்பாகை, கம்பளம், பஞ்சாபிப் பேச்சு எல்லாம் அமெரிக்க ரசிகர்களைக் கடுப்பேற்றுவதற்கான கருவிகள். கிழக்கைப் பற்றிய மேற்கின் பழைய அலமாரியிலிருந்து எடுத்த சாமான்கள். ஒரு ஆட்டத்தையாவது அவர் தனியாக ஜெயித்ததாக எழுதப்பட்டதா என்றால், பெரும்பாலும் கூட வரும் சிங் சகோதரர்கள் குறுக்கே விழுந்து அடிவாங்கித்தான் ஜெயிக்க வைத்தார்கள். ஜூலை மாதம் மூங்கிலால் செய்த இரட்டைக் கூண்டுக்குள் ஆட்டம், பெயர் 'பஞ்சாபிச் சிறை'. அதிலும் கிரேட் காளி வந்துதான் காப்பாற்றினார். அந்தக் காளியே 2007 ஜூலையில் காயம்பட்ட எட்ஜ் விட்டுச்சென்ற உலகப் பட்டத்தை வென்று, செப்டம்பரில் இழந்தவர். இமாசலப் பிரதேசத்துக்காரர். அவருடைய இரண்டு மாதமும் இதே பட்டியலில்தான் இருக்கிறது.

செப்டம்பரில் நடந்ததுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. ஜப்பானிய வீரர் ஷின்சுகே நாகமுராவின் முகத்தையும் ஆசியத் தன்மையையும் கேலிசெய்து மஹாலைப் பேச வைத்தார்கள். அமெரிக்க அரங்கமே 'இது ரொம்ப ஓவர்' என்ற பொருளில் கோஷமிட்டது. நிறவெறி வசனத்தை ஒரு பழுப்பு உடலின் வாய்வழியாகச் சொல்ல வைப்பதில் கம்பெனிக்கு ஒரு வசதி இருக்கிறது: எழுதியவர் முகம் தெரியாது. கெட்ட பெயர் பேசியவருக்கு.

நூற்றெழுபதாவது நாள், நவம்பர் 7, மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் தோற்கடிக்கப்பட்டார். அந்த மாதப் பெரிய நிகழ்ச்சியில் பிராக் லெஸ்னரோடு மோத வேண்டிய இடத்துக்கு ஸ்டைல்ஸ் வேண்டியிருந்தார். டிசம்பர் 9இல் டெல்லி. எந்த மண்ணின் பெயரால் பட்டம் கொடுத்தார்களோ அந்த மண்ணுக்கு வரும்போது அவரிடம் பெல்ட் இல்லை. போகட்டும், அன்றைய கடைசி ஆட்டத்திலாவது ஜெயித்தாரா? இல்லை. கம்பெனி நிர்வாகிகளில் ஒருவரும் முதலாளியின் மருமகனுமான ட்ரிப்பிள் எச் வந்து ஜெயித்தார். பிறகு இருவரும் சேர்ந்து பாங்ரா ஆடினார்கள். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய காட்சியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

மஹால் பெரிய ஆட்டக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. ரிங்குக்குள் அவரைவிடத் திறமைசாலிகள் பலர் அப்போது அங்கே இருந்தார்கள். ஆனால் நான் சொன்னது 'இந்தக் கதை சரியில்லை' என்றல்ல, 'இவனெல்லாம் சாம்பியனா' என்று. நம் மொழியில் இந்த 'எல்லாம்' எந்தத் திசையிலிருந்து எந்தத் திசை நோக்கிப் பாயும் என்று இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எழுதியவனை விட்டுவிட்டு எழுதப்பட்ட உடலைத் திட்டும்படி ஒரு அமைப்பு என்னைப் பழக்கியிருக்கிறது. கம்பெனிக்கு அது செலவில்லாத லாபம். தன் தவறுக்கான தண்டனையைப் பார்வையாளனைக் கொண்டே தொழிலாளிக்குக் கொடுத்துவிடுகிறது.

6

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. கோஃபி கிங்ஸ்டன் கானாவில் பிறந்தவர். 2008இல் டபிள்யூ.டபிள்யூ.இ. தொலைக்காட்சிக்கு வந்தபோது ஜமைக்காக்காரர் என்று சொல்லி, அந்த ஊர் உச்சரிப்போடு பேச வைத்தார்கள். பதினோரு வருஷம் இரண்டாம் வரிசை. 2019 பிப்ரவரியில் காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாள் ஆக நுழைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினார். அரங்கங்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கின. வாரக்கணக்கில் விடவில்லை. திட்டத்தில் இல்லாத ஒன்றை ரசிகர்கள் எழுத வைத்தார்கள். ஏப்ரல் 7இல் ரெஸில்மேனியாவில் டேனியல் பிரையனை வென்று, ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார்.

நூற்றெண்பது நாள் ஒழுங்காகவே போயிற்று. அக்டோபர் 4இல் நிகழ்ச்சி புதிய தொலைக்காட்சிக்கு மாறிய முதல் இரவு. லெஸ்னர் வந்தார், தூக்கினார், போட்டார். பத்து விநாடிக்குள் முடிந்தது. அடித்த கையோடு லெஸ்னரின் அடுத்த சண்டைக்காரரை அரங்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தோற்றவர் முகத்தைக் காட்டக் கேமராவுக்கு நேரமில்லை. அடுத்த வாரம் கிங்ஸ்டன் பழைய இடத்துக்கே, தன் கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடும் ஆட்டங்களுக்கே, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பினார். நான் சொன்ன நான்கில் முதல் மூன்றைக் கொடுத்துவிட்டு நான்காவதை மட்டும் மறுத்தார்கள். அது ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆனால் இம்முறை கோபம் கிங்ஸ்டன் மீது திரும்பவில்லை. எழுதியவர்கள் மீது திரும்பியது. ஏனென்றால் அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று கூட்டத்துக்குத் தெரியும். தாங்கள் போராடி வாங்கிக் கொடுத்தது அது.

இதை வெற்றியாகக் கொண்டாடவும் எனக்குத் தயக்கம். கோபப்பட்ட ரசிகனும் அடுத்த வாரம் டிக்கெட் வாங்குகிறான். நம் அதிருப்தியும் அவர்கள் கணக்கில் வரவு. தவிர, பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் உடல்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 2000 ஏப்ரலில் டபிள்யூ.சி.டபிள்யூ. தன் உலகப் பட்டத்தை டேவிட் ஆர்க்கெட் என்ற சினிமா நடிகருக்கே கொடுத்தது, ஒரு படத்தின் விளம்பரத்துக்காக. எல்லாப் பட்டியலிலும் ஆக மோசமான பட்டக்காலம் என்று இருப்பது அதுதான். அவரே வேண்டாம் என்றாராம். அதில் கிடைத்த பணத்தை, இறந்துபோன வீரர்களான ஓவன் ஹார்ட், பிரையன் பில்மன் ஆகியோரின் குடும்பங்களுக்கும், ரிங்கில் முடங்கிப்போன டேரன் டிரோஸ்டோவின் குடும்பத்துக்கும் கொடுத்தார். ஓவன் ஹார்ட் 1999 மே மாதம், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, அரங்கத்தின் கூரையிலிருந்து இறக்கப்படுகையில் விழுந்து செத்தவர். கோமாளிச் சாம்பியன் என்று நாம் சிரித்த ஆள், தனக்கு விழுந்த பெல்ட்டின் விலையைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்றே எனக்குப் படுகிறது. டபிள்யூ.சி.டபிள்யூ. மறுவருஷம் மார்ச்சில் எதிர்க் கம்பெனிக்கு விற்கப்பட்டது.

டபிள்யூ.டபிள்யூ.இ. தன் வீரர்களை ஊழியர்களாகக் கணக்கில் வைப்பதில்லை. தனித்தனி ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருக்கிறது. 1986இல் ஜெஸ்ஸி வெஞ்சுரா உடைமாற்றும் அறையில் சங்கம் அமைக்கலாம் என்று பேசினார். விஷயம் உடனே முதலாளி காதுக்குப் போனது. சொன்னவர் ஹல்க் ஹோகன் என்று பின்னாளில் தன் வழக்கின்போது தெரியவந்ததாக வெஞ்சுரா கூறியிருக்கிறார். சங்கம் வரவில்லை. அந்த வருஷம் ஹோகன்தான் சாம்பியன். அவருடைய பட்டக்காலத்தை இன்றுவரை யாரும் தேறாதது என்று எழுதியதில்லை.

பெல்ட் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் பார்த்துப் பழகியவர்கள் நாம். எதிராளியை யார் தேர்ந்தெடுத்தார்கள், கடைசி இடம் யாருக்கு, முடிவை எழுதிய பேனா யார் கையில் என்று பார்க்கும்போதுதான் பட்டம் அதிகாரமா, அலங்காரமா என்பது தெரிகிறது.

2019 அக்டோபரில் அண்ணன் மகன் ப்ளஸ் ஒன். கிங்ஸ்டன் தோற்ற மறுநாள் போன் பண்ணினான்.

"பாத்தீங்களா சித்தப்பா?"

"பாத்தேன்டா."

"இப்ப யாரு சரியில்ல?"

இரண்டு வருஷம் பிந்தியாவது அவனுக்கு ஒரு பதில் சொல்ல முடிந்தது. 'இவனெல்லாம்' என்று நான் சொன்ன அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில்.